மெலடோனின் மாத்திரை புற்றுநோய்க்கு எதிரான நோய் எதிர்ப்பைக் கூட்டுமா?

கேள்வி இதுதான்: தூக்கத்துக்குப் போடும் மெலடோனின், நோய் எதிர்ப்பு அணுக்களைத் தட்டியெழுப்பிப் புற்றுக்கட்டியை அழிக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

தட்டியெழுப்புவது சோதனைச்சாலை அளவில் உண்மை. அதை வைத்துக் கட்டி அழிகிறது என்று சொல்ல, மனிதர்களிடம் ஆதாரம் போதாது.

முதலில் உண்மையான பகுதி. மெலடோனினை 1958ல் ஆரன் லெர்னர் குழு மாட்டின் மூளையில் உள்ள பீனியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தது. அது பீனியலில் மட்டும் சுரப்பதில்லை. லிம்போசைட்டுகள் எனப்படும் நம் வெள்ளை அணுக்களே தங்கள் பயன்பாட்டுக்குக் கொஞ்சம் தயாரித்துக்கொள்கின்றன. மெலடோனினைப் பிடித்துக்கொள்ளும் எம்டி1, எம்டி2 ஏற்பிகளும் அவற்றுக்கு உண்டு. அந்த ஏற்பிகள் வழியாகச் சமிக்ஞை போகும்போது உதவி டி செல்கள் (லிம்போசைட்டில் ஒரு வகை) இன்டர்லூக்கின்-2, இன்டர்ஃபெரான்-காமா போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கின்றன. இவைதான் கெட்ட அணுக்களைக் கொல்லும் டி செல்களுக்கும், அதே வேலை செய்யும் என்.கே. செல்களுக்கும் தீனி. எலிகளில் இன்னொன்றும் பார்த்திருக்கிறார்கள்: மற்ற டி செல்களை அடக்கி, கட்டிக்குக் காவலாகிவிடும் டி-ரெக் செல்களின் எண்ணிக்கை கட்டிக்குள் குறைகிறது.

ஆனால் மெலடோனின் வெறும் தூண்டுகோல் இல்லை. எதிர்ப்பு மந்தமாக இருந்தால் ஏற்றிவிடும். அழற்சி மிஞ்சினால், அதைக் கிளப்பும் என்எஃப்-கப்பா-பி என்ற சமிக்ஞைப் பாதையை அடக்கித் தணிக்கும். "இம்யூனிட்டி பூஸ்டர்" என்று ஒரே வார்த்தையில் விற்பவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

இப்போது அளவுக் கணக்கு. சிக்கல் இங்கேதான். இரவு உச்சத்தில் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 100 பிக்கோகிராம் (ஒரு பிக்கோகிராம், கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) மெலடோனின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (ஆளுக்கு ஆள் நிறைய மாறும்). புற்றணுக்களைத் தட்டில் வளர்த்து, அவை செத்தன என்று காட்டும் சோதனைகள் பலவற்றில் ஊற்றுவது 1 மில்லிமோலார் செறிவு. மூலக்கூறு எடை 232 என்பதால், அது மில்லிலிட்டருக்கு 232 மைக்ரோகிராம். இயற்கை அளவைப் போல 23 லட்சம் மடங்கு! வாய்வழி எடுப்பதில் சுமார் 15 சதவீதம்தான் ரத்தத்தைச் சேர்கிறது. மீதியைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே சிதைத்துவிடும். சேர்ந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும். 10 மில்லிகிராம் போட்டாலும் உச்சம் சில ஆயிரம் பிக்கோகிராமோடு நின்றுவிடும். அந்தச் செறிவை மாத்திரையால் எட்ட வழியே இல்லை.

2005ல் டேவிட் பிளாஸ்க் குழு செய்த சோதனையையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். பெண்களிடம் பகலிலும், இருட்டான இரவிலும், இரவில் பளிச்சென்ற வெளிச்சத்தில் உட்காரவைத்த பிறகும் ரத்தம் எடுத்து, எலியில் வளர்ந்த மனித மார்பகக் கட்டிக்குள் பாய்ச்சினார்கள். இருட்டு ரத்தம் வளர்ச்சியைத் தடுத்தது, வெளிச்ச ரத்தம் தடுக்கவில்லை. அருமையான சோதனை. ஆனால் அவர்கள் கண்ட வழி கட்டியின் சொந்த எம்டி1 ஏற்பியும், அது லினோலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தை உறிஞ்சும் வேகமும்தான். பயன்படுத்தியதும் டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியே இல்லாத எலிகள். நோய் எதிர்ப்புக்கான சாட்சியாக இதை இழுப்பது தவறு.

நோயாளிகளிடம்? 1990களில் இத்தாலியில் லிசோனி குழு இரவில் 20 முதல் 40 மில்லிகிராம் வரை, சிலருக்குக் குறைந்த அளவு இன்டர்லூக்கின்-2 ஊசியோடு சேர்த்துக் கொடுத்து, நல்ல பலன் என்று எழுதியது. அவற்றில் பெரும்பாலானவை போலி மாத்திரை (ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத மாத்திரை) இல்லாத சிறிய ஆய்வுகள். போலி மாத்திரையோடு ஒழுங்காக நடந்த பெரிய ஆய்வு கனடாவில்: நுரையீரல் புற்றுக்கு அறுவை முடிந்த 709 பேர், ஓராண்டு தினமும் 20 மில்லிகிராம். 2021ல் வெளியான முடிவில், இரண்டாண்டு வரை நோய் திரும்பாமல் இருந்தவர்களில் வித்தியாசம் இல்லை. அந்தப் பழைய எண்களைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

தூக்கத்துக்காக எடுப்பதாக இருந்தால், அது வேறு கணக்கு. 0.5 முதல் 3 மில்லிகிராம், படுக்கப் போவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன். நடுராத்திரி விழித்தபின் போட்டால் காலையில் மந்தமாக இருக்கலாம். இதைச் சிதைப்பது கல்லீரலின் சிஒய்பி1ஏ2 நொதி. ஃப்ளூவோக்சமின் என்ற மனச்சோர்வு மருந்து அதை முடக்கி ரத்த அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும், கருத்தடை மாத்திரையும் ஏற்றும், புகைப்பழக்கம் இறக்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள், ரத்தப் புற்று உள்ளவர்கள் இன்னும் கவனம்: கடைசி வகையில் பெரும்பாலும் புற்றணுவே நோய் எதிர்ப்பு அணுதான், எதைத் தூண்டுகிறோம் என்று சொல்ல முடியாது. இம்யூனோதெரபியில் (நோய் எதிர்ப்பைத் தூண்டும் புற்றுநோய்ச் சிகிச்சை) இருப்பவர்கள் புற்றுநோய் மருத்துவரிடம் மாத்திரையின் பெயர், அளவு, நேரம் மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

லேபிளையும் அப்படியே நம்பாதீர்கள். 2017ல் கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, எழுதியதைவிட 83 சதவீதம் குறைவு முதல் 478 சதவீதம் கூடுதல் வரை மெலடோனின் இருந்தது. எட்டுத் தயாரிப்புகளில் செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருளும் கலந்திருந்தது. செரட்டோனினைப் பாதிக்கும் மனச்சோர்வு மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கலப்பு ஆபத்தாகலாம்.