பீரோவில் கிடக்கும் மாத்திரை அட்டை

கேள்வி: எனக்கு வயது 49, ஊர் வலங்கைமான் பக்கம். மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. ராத்திரியில் மூன்று, நான்கு தடவை உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்துக் கொட்டுகிறது. எழுந்து போய் ஈர ரவிக்கையோடு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறேன். கும்பகோணத்தில் பார்த்த டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தார். 'மார்பில் கேன்சர் வரும்' என்று நாத்தனார் சொன்னதிலிருந்து அட்டையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன். சித்திக்கு 70 வயதில் அந்த நோய் வந்தது. கர்ப்பப்பை இருக்கிறது. சுகர் இல்லை, பிரஷர் கொஞ்சம் உண்டு. சாப்பிடலாமா?

பதில்: ஒன்றரை வருடமாகச் சரியாகத் தூங்காத ஒருவர் என்னிடம் வந்தால் 'வயசானா அப்படித்தான்' என்று அனுப்பிவிட மாட்டேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் நிலையில் இந்த மருந்தை யோசிக்கலாம்.

நாத்தனார் சொன்னது பொய்யில்லை, அரைகுறை. இந்த ஹார்மோன் மாத்திரையைப் பற்றி அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வை 2002-ல் பாதியில் நிறுத்தினார்கள். அந்தச் செய்திதான் ஊர் ஊராக மாறி மாறி உங்கள் வீட்டு அடுப்படி வரை வந்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள்: ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட 10,000 பேரில் வருடத்துக்கு 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் வகை என்ற இரண்டு பெண் ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு. அந்த எட்டுப் பேரை நான் லேசாகச் சொல்லவில்லை, வருடங்கள் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. உங்களுக்கு 49. மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள், 60 வயதுக்கு முன் தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு நன்மைதான் தூக்கலாக இருக்கும். எரிச்சலுக்கும் வியர்வைக்கும் இதைவிட நன்றாகக் கேட்கிற மருந்து கிடையாது, சாப்பிடுகிற வரை எலும்புத் தேய்மானமும் குறையும். ஆனால் மாரடைப்பு வராமல் இருக்கட்டும் என்று மட்டும் யாரும் இதைத் தொடங்க வேண்டாம்.

இப்போது பீரோவைத் திறந்து அந்த அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் ஈஸ்ட்ரோஜன் மட்டும் இருக்கிறதா, கூடப் புரோஜெஸ்டிரான் வகையும் இருக்கிறதா? கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுத்தால் உள்சவ்வு தடித்து அங்கேயே புற்றுநோய் வரலாம், அதனால் உங்களுக்கு இரண்டும் வேண்டும். நம் பக்கம் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள், அவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள் என்று தலைதலையாய் அடித்துக்கொள்கிறேன்.

அடுத்து பிரஷர். அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். மாத்திரை கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் கூடும், தோலில் தடவும் ஜெல்லில் அந்தத் தொல்லை இல்லை. உங்களுக்கு ஜெல் சரிவருமா என்று டாக்டரிடம் கேளுங்கள், நானாக இருந்தால் கேட்பேன். ஜெல்லோடும் புரோஜெஸ்டிரானைத் தனி மாத்திரையாகச் சாப்பிட வேண்டும், அதை மறக்கக் கூடாது.

சித்தி ஒருவருக்கு 70 வயதில் வந்தது மட்டுமே உங்களுக்குத் தடையாகாது, ஆனால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், தொடங்கும் முன் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்துவிடுங்கள். மார்பகப் புற்றுநோய், காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு இவற்றில் ஏதாவது உங்களுக்கே வந்திருந்தாலோ, கல்லீரல் கெட்டிருந்தாலோ வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மாதவிலக்கு நின்ற பிறகு எப்போதாவது உதிரம் பட்டதா? கடிதத்தில் அதை எழுதவில்லை. பட்டிருந்தால் காரணம் தெரியும்வரை அட்டை பீரோவிலேயே இருக்கட்டும்.

உளுந்தங்களி சாப்பிட்டால் போதுமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நல்லெண்ணெய் விட்டுத் தாராளமாகச் சாப்பிடுங்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் ராத்திரி வியர்வை அதில் நிற்காது. ஹார்மோனே வேண்டாம் என்று மனசு சொன்னால் வேறு மாத்திரைகளும் உண்டு. பலன் குறைவுதான், ஆனாலும் பலருக்குக் கேட்கிறது.

தொடங்கினால் மூன்று மாதத்தில் ஒரு தடவை போய்க் காட்டுங்கள், அப்புறம் வருடம் ஒருமுறை உட்கார்ந்து 'இன்னும் தேவையா' என்று பேசுங்கள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே கும்பகோணத்துக்கு பஸ் ஏறுங்கள். நாத்தனாரையும் கூட்டிப்போங்கள், அவருக்கும் மேமோகிராம் எடுக்கிற வயதுதானே.