திரையில் பார்த்தது கைக்கு வருமா? நர்சிங் செய்முறைப் பாடங்கள்: வாசகர் கேள்வி பதில்

நர்சிங் செய்முறைப் பாடங்கள், நடுவில் நின்று கேள்வி கேட்கும் ஊடாட்டக் காணொளி, மெய்நிகர் நோயாளி, கைப்பேசிப் பயிற்சி என்று திரைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இதைப் பற்றி ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு, செய்முறைக் கூடத்திலும் வார்டிலும் பாடம் நடத்தும் நர்சிங் ஆசிரியர்கள் பதிலளிக்கிறார்கள்.

கேள்வி: ஊசி போடுவது முதல் கதீட்டர் வரை எல்லாவற்றுக்கும் அரை மணி நேரக் காணொளிகள் எடுத்துக் கொடுத்துவிட்டோம். மாணவர்கள் பார்க்கிறார்கள், கேட்டால் படிகளை ஒப்பிக்கிறார்கள். பயிற்சிப் பொம்மை முன் நிறுத்தினால் கை ஓடவில்லை. எங்கே குறை? (ஓர் ஆசிரியை)

பதில்: கைதேர்ந்த ஒருவர் செய்வதைப் பார்க்கும்போது அடுத்த படி தானாக வந்துவிடுகிறது. பார்ப்பவர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதனால் ‘தெரிந்துவிட்டது’ என்ற நிறைவு வருகிறது, செய்யும் திறன் வருவதில்லை. ஜார்ஜ் மில்லர் 1990-ல் மருத்துவக் கல்விக்காக முன்வைத்த பிரமிடில் நான்கு தளங்கள் உண்டு: தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுகிறார், பணியிடத்தில் செய்கிறார். உங்கள் மாணவர்கள் இரண்டாம் தளத்தில் நிற்கிறார்கள். பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் தளத்துக்கு ஏற முடியாது.

செய்முறை கற்பிக்க பெய்ட்டனின் நான்கு படி முறை பலருக்கும் பழக்கம். முதலில் ஆசிரியர் வழக்கமான வேகத்தில் பேசாமல் செய்துகாட்டுவார். அடுத்து ஒவ்வொரு படியையும் விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதில் மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். நான்காவதில் மாணவரே சொல்லிக்கொண்டு செய்வார். முதல் இரண்டையும் முழுக்கத் திரைக்கு மாற்றிவிடலாம். மாணவர் வீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கட்டும். அப்படி மிச்சமாகும் வகுப்பு நேரம் முழுவதும் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் போக வேண்டும். பல இடங்களில் மிச்சமான நேரத்தில் இன்னொரு விரிவுரையை நுழைத்துவிடுகிறார்கள். கை ஓடாததற்கு முதல் காரணம் அதுதான்.

கேள்வி: ஊடாட்டக் காணொளி ஒன்றை நாங்களே செய்ய விரும்புகிறோம். ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியாக இரைப்பைக்குள் செலுத்தும் குழாய்) போடுவதை எடுத்துக்காட்டாக வைத்துப் படிப்படியாகச் சொல்ல முடியுமா? (இரண்டு இளம் ஆசிரியர்கள்)

பதில்: கேமராவை எடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுத வேண்டியது ஒன்றுதான்: இந்தச் செய்முறையில் மாணவர்கள் எங்கெங்கே தவறுகிறார்கள்? அந்த இடங்கள்தான் காணொளி நிற்க வேண்டிய இடங்கள். ரைல்ஸ் டியூபுக்கு நான்கு போதும்.

முதலாவது, அளவெடுப்பது. மூக்கு நுனியிலிருந்து காது மடலின் கீழ் நுனி, அங்கிருந்து நெஞ்செலும்பின் கீழ் முனை. காதை விட்டுவிட்டு நேரே அளப்பவர்கள் உண்டு. அப்படி அளந்தால் குழாய் குறைவாகப் போய், முனை உணவுக்குழாயிலேயே நின்றுவிடும். குழாயை மூன்று விதமாகப் பிடித்த மூன்று படங்களைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

இரண்டாவது, குழாய் தொண்டையைத் தாண்டும் நேரம். கண்ணில் நீர் வருவது சகஜம். ஆனால் இருமல் நிற்கவில்லை, மூச்சு திணறுகிறது, பேச முடியவில்லை என்றால் குழாய் மூச்சுக்குழாய்ப் பக்கம் போயிருக்கலாம், உடனே வெளியே இழுக்க வேண்டும். இங்கே காணொளியை நிறுத்தி ‘தொடரலாமா, நின்று முகவாயைத் தாழ்த்தி விழுங்கச் சொல்லலாமா, வெளியே எடுக்கலாமா’ என்று கேளுங்கள். ஒரே கேள்வியை இரண்டு காட்சிகளுக்கு வையுங்கள், ஒன்றில் வெறும் குமட்டல், மற்றதில் திணறல். வேறுபாடு அப்போதுதான் பதியும்.

மூன்றாவதுதான் உயிரோடு விளையாடும் இடம். குழாய் வழியாக உறிஞ்சி எடுத்த திரவத்தை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் வைத்தால் 6 காட்டுகிறது. அடுத்து என்ன? 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் இரைப்பை என்று எடுத்துக்கொள்ளலாம். 6 வந்தால் உணவு கொடுக்கக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ, சற்று முன் கொடுத்த உணவோ காரணமாக இருக்கலாம். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பி, சிறிது நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் எக்ஸ்ரே. காற்றை ஊதி வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கும் பழைய வழக்கத்தையும் ஒரு விடையாகப் போடுங்கள். அதைத் தேர்ந்தெடுப்பவருக்குக் காரணம் தெரிய வேண்டும்: குழாய் நுரையீரலிலோ உணவுக்குழாயிலோ இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றின் மேல் கேட்கக்கூடும், அதை நம்பி உணவு கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும்.

நான்காவது, பதிவு. மூக்குக்கு வெளியே தெரியும் நீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதினால்தான், அடுத்த முறை உணவு கொடுக்குமுன் குழாய் நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட முடியும்.

இனி படப்பிடிப்பு. கேமரா, செய்பவரின் தோளுக்குப் பின்னிருந்து பார்க்க வேண்டும். எதிரிலிருந்து எடுத்தால் இடமும் வலமும் மாறி, மாணவர் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு துண்டும் 3 முதல் 5 நிமிடம். குரலைப் பிறகு பதிவு செய்யுங்கள். பேசுவதையே திரையில் முழு வாக்கியமாகவும் எழுதிக் காட்டாதீர்கள். கண் எழுத்துக்குப் போய்விடும், கைகளைப் பார்க்காது. அளவு, எச்சரிக்கை போன்ற ஓரிரு சொற்கள் போதும். காது கேளாதவர்களுக்கு வசன வரியைத் தனியாக, வேண்டும்போது திறக்கும்படி வையுங்கள்.

கேள்விகளைச் சேர்க்க எச்5பி என்ற திறந்த மூலக் கருவி போதும், மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் அப்படியே வேலை செய்யும். அதில் மூன்று அமைப்புகளைப் பாருங்கள்: விடை சொல்லாமல் முன்னோக்கித் தள்ள முடியாதபடி பூட்டுவது, தவறான விடைக்குக் காணொளி உரிய நொடிக்குத் திரும்புவது, ஒவ்வொரு விடைக்கும் தனி விளக்கம். கேள்வி எப்போதும் செயலுக்கு முன் வர வேண்டும். செய்துகாட்டிய பிறகு கேட்டால் அது வெறும் நினைவுச் சோதனை.

நோயாளியைப் படமெடுக்க வேண்டாம், பொம்மையிலேயே எடுங்கள். தவிர்க்க முடியாமல் நோயாளியை எடுத்தால் எழுத்து மூலம் ஒப்புதல் வேண்டும். முகம், கையில் கட்டிய அடையாளப் பட்டை, கேஸ் ஷீட், பின்னால் ஓடும் மானிட்டர் எதுவும் சட்டகத்தில் விழக் கூடாது. முதல் காட்சியில் எந்த நெறிமுறை, எந்தத் தேதிப்படி என்று எழுதிவையுங்கள். நெறிமுறை மாறும்போது எந்தக் காணொளியை எடுத்துவிட வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

கேள்வி: படிகளை வரிசைப்படுத்தும் பயிற்சியில் கை கழுவுவதையும் பொருள் எடுத்துவைப்பதையும் இடம் மாற்றி வைத்தேன். தவறு என்று வந்தது. வார்டில் சிஸ்டர் நான் சொன்ன வரிசையில்தான் செய்கிறார். எது சரி? (மூன்றாம் ஆண்டு மாணவி)

பதில்: உங்கள் மேல் தவறில்லை. பொருள்களை எடுத்துவைப்பதற்கு முன் ஒரு முறை கை சுத்தம் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம். நோயாளியைத் தொடுவதற்கு முன்பும், தூய்மை காக்க வேண்டிய செயலுக்கு முன்பும் கட்டாயம். கை சுத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஐந்து தருணங்களில் முதல் இரண்டு இவைதான்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாற்றினால் தீங்கு வரும் இடங்களுக்கு மட்டும் வரிசைக் கேள்வி வையுங்கள். சிறுநீர்க் கதீட்டரின் பலூனை ஊதுவதற்கு முன் சிறுநீர் வந்திருக்க வேண்டும் என்பது அப்படிப்பட்ட வரிசை. முன்பே ஊதினால் பலூன் சிறுநீர்க் குழாயைக் கிழிக்கக்கூடும். இரண்டு வரிசையும் சரியாக இருக்கும் இடத்தில் ஒன்றைத் தவறு என்று காட்டினால், கருவி சொல்லும் மற்ற திருத்தங்களையும் மாணவர் நம்ப மாட்டார்.

கேள்வி: டிரிப் கணக்குக்கு வினாடி வினா போட்டால் எல்லாரும் முழு மதிப்பெண். தேர்வில் பாதிப் பேர் தவறு. ஏன்? (ஓர் ஆசிரியர்)

பதில்: நான்கு விடைகளில் மூன்று அபத்தமாக இருந்தால் கணக்குப் போடாமலே சரியானதைப் பிடித்துவிடலாம். தவறான விடை ஒவ்வொன்றும் ஓர் உண்மையான பிழையிலிருந்து வர வேண்டும்.

500 மி.லி. திரவம், 4 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ டிரிப் செட் என்று நினைத்து 60-ஐப் போட்டவருக்கு 125 வரும். 15 சொட்டு செட் என்று எடுத்தவருக்கு 31. செட்டையே மறந்தவருக்கு 2. இந்த நான்கையும் விடைகளாக வையுங்கள். 125-ஐத் தொட்டவரிடம் ‘செட்டின் உறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்’ என்று திரை சொல்லட்டும். 2-ஐத் தொட்டவரிடம் ‘நீங்கள் கண்டது மி.லி., சொட்டு அல்ல’ என்று சொல்லட்டும்.

இரண்டாம் வாரத்திலிருந்து விடைகளை எடுத்துவிட்டு எண்ணைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கட்டிலருகே யாரும் நான்கு விடைகளைக் காட்டப்போவதில்லை. எண்கள் ஒவ்வொரு முறையும் மாறட்டும்.

கேள்வி: பி.பி. பார்க்கும் மென்பொருளில் நன்றாக வருகிறது. நோயாளியிடம் போனால் சத்தமே கேட்கவில்லை. (முதலாம் ஆண்டு மாணவர்)

பதில்: முதலில் எதில் கேட்டுப் பழகினீர்கள் என்று பாருங்கள். பி.பி. ஒலிகள் மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டவை, பெரும்பகுதி 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கி அதைச் சரியாகத் தராது. அதனால் பயிற்சி தயாரிப்பவர்கள் ஒலியைக் கூட்டி, ‘டக் டக்’ என்று தெளிவாக்கி வைத்திருப்பார்கள். காது அந்தப் பெரிய சத்தத்துக்குப் பழகிவிட்டது. காதை மூடும் ஹெட்போன் போட்டு, கூட்டாத ஒலியில் பழகுங்கள். இதயம், நுரையீரல் ஒலிகளுக்கும் இதே விதி.

நல்ல பயிற்சியில் அளவுமுள் இறங்கும்போது முதல் சத்தத்திலும் கடைசிச் சத்தத்திலும் நீங்கள் திரையைத் தட்ட வேண்டும். சரியான எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அது காட்டும். இதைத் திரை நன்றாகச் சொல்லித்தரும்.

திரை சொல்லித்தராதவை வேறு. காற்றுத் திருகை விரலால் மெல்லத் திறந்து நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்று இறக்குவது கை பழக வேண்டிய வேலை. வேகமாக விட்டால் மேல் அளவு குறைந்தும் கீழ் அளவு கூடியும் வரும். கையில் சுற்றிக் கட்டும் கஃப் சிறியதாக இருந்தால் அளவு கூடித் தெரியும். கஃபின் உள்ளே இருக்கும் பையின் நீளம் கைச் சுற்றளவில் 80 சதவீதம் வர வேண்டும். கை இதய மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் அளவு கூடும். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டபடி ஊதி, நாடி மறையும் எண்ணைக் குறித்துக்கொண்டு, காற்றை இறக்கி, பிறகு அதற்கு 30 மேலே ஊதிக் கேளுங்கள். சிலருக்கு நடுவில் சத்தம் மறைந்து மீண்டும் வரும். நேரடியாக ஊதினால் அந்த இடைவெளியில் ஏமாந்துவிடுவீர்கள். ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடக்கில் சும்மா வைக்காமல், நாடித் துடிப்பை விரலால் தேடிக் கண்ட இடத்தில் வையுங்கள். சத்தம் கேட்காததற்குப் பெரும்பாலும் காரணம் அதுதான்.

உங்கள் கூடத்தில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்கும் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் ஆசிரியருடன் சேர்ந்து கேட்டு, எண்களைத் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள்.

கேள்வி: மெய்நிகர் காட்சிக்கான வி.ஆர். கண்ணாடி வாங்கலாமா?

பதில்: முன்னுரிமை கொடுக்க வேண்டாம். அவசர நிலையில் யாரை முதலில் பார்ப்பது, யாரை அழைப்பது போன்ற முடிவுகளுக்கு அது நல்லது. ஊசி ரத்தக் குழாய்க்குள் போகும்போது விரலில் படும் சிறு தடையை அது தருவதில்லை. முதலில் கேனுலா போடப் பழகும் மாதிரிக் கைகளை இன்னும் நான்கு வாங்குங்கள்.

கேள்வி: மாணவர்கள் எல்லாருக்கும் நல்ல இணையம் இல்லை. சிறிய கைப்பேசிதான்.

பதில்: காணொளியை 480 பி அளவில் எம்பி4 கோப்பாகவே ஏற்றுங்கள். யூடியூப் இணைப்பாகக் கொடுத்தால் இணையமில்லாமல் ஓடாது. மூடுல் செயலியில் எச்5பி பாடங்களைக் கல்லூரியில் இறக்கிவைத்து வீட்டில் செய்யலாம், மறுபடி இணைப்பு கிடைக்கும்போது மதிப்பெண் போய்ச் சேரும். இழுத்துப் போடும் கேள்விகள் சின்னத் திரையில் விரலுக்கு அடங்காது, தொட்டுத் தேர்வதாக மாற்றுங்கள். காயங்களின் படம் பார்க்கும்போது கண்ணைக் காக்கும் மஞ்சள் வெளிச்ச அமைப்பை அணைக்கச் சொல்லுங்கள். அது எரிந்தால் காயத்தின் நிறமே மாறித் தெரியும்.

கேள்வி: திரைப் பயிற்சியை வைத்து வார்டு நேரத்தைக் குறைக்கலாமா? (ஒரு கல்லூரி முதல்வர்)

பதில்: அமெரிக்காவில் மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய அமைப்பான என்.சி.எஸ்.பி.என். 2014-ல் வெளியிட்ட ஆய்வைப் பலர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். வார்டு நேரத்தில் பாதி வரை ஒப்புருவாக்கப் (சிமுலேஷன்) பயிற்சிக்கு மாற்றினாலும் மாணவர்களின் தேர்ச்சி குறையவில்லை என்பது அதன் முடிவு. ஆனால் அங்கே மாற்றாக வந்தது பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் நடத்திய, ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் முறையாகக் கலந்துரையாடிய பயிற்சி. வீட்டில் தனியே பார்க்கும் காணொளியை அதற்கு ஈடாக வைத்து நேரத்தை வெட்டக் கூடாது. உங்கள் நர்சிங் கவுன்சில் விதித்திருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாடம் வேலை செய்கிறதா என்று எப்படி அளப்பது?

பதில்: எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணை வைத்து ஒன்றும் தெரியாது. ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்திய ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வைப் போல, ஒரே சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக் கையால் செய்யச் சொல்லிப் பாருங்கள். பாடம் முடிந்த வாரத்தில் ஒரு முறை, எட்டு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் ஒரு முறை. இரண்டாவதுதான் உண்மையைச் சொல்லும். பட்டியலில் தவறினால் உடனே தோல்வி என்ற படிகளைத் தனியே குறியுங்கள்: நோயாளியின் அடையாளம், தூய்மை காத்தல், ரைல்ஸ் டியூபின் இடத்தை உறுதி செய்தல். மொத்த மதிப்பெண்ணில் இவை கரைந்துபோகக் கூடாது.

அதோடு, காணொளியில் எந்த நிறுத்தத்தில் அதிகம் பேர் தவறினார்கள் என்ற பதிவை வகுப்புக்கு முந்தைய நாள் மாலை திறந்து பாருங்கள். 40 பேரில் 22 பேர் பி.எச். கேள்வியில் தவறியிருந்தால், மறுநாள் காலை கூடத்தில் முதல் வேலை பி.எச். தாளை மாணவர் கையில் கொடுப்பது.