டெல்லருக்கு மார்க் போடலாமா?

கேள்வி: ஐரோப்பாவின் பழைய இசைக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் என்று ஆல்ஃபிரட் டெல்லர், எம்மா கிர்க்பி போன்றவர்களைக் கொண்டாடுகிறார்கள். யூடியூபில் கேட்டுப் பார்த்தேன். டெல்லரின் குரல் மெலிசாக, பயந்து பயந்து பாடுவதுபோல இருக்கிறது. இன்றைய கவுண்ட்டர்டெனர்கள் (பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண்கள்) எவ்வளவோ மேல். முதலில் வந்தார்கள் என்பதற்காகவே ஒருவரை ரசிக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: வேண்டாம். முதலில் வந்தவருக்கு ஒரு கும்பிடு போட்டால் போதும். காதைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் 'இன்றைய கவுண்ட்டர்டெனர்கள்' என்று ஏதோ எப்போதும் இருந்துவரும் ஜாதிபோல எழுதுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களில் ஆண்கள் கள்ளக்குரலில் மேல்ஸ்தாயி பாடுவது விட்டுப்போகாத வழக்கம். அதெல்லாம் கும்பலோடு கும்பலாக. அந்தக் குரலோடு தனியாக மேடையேறிக் கச்சேரி செய்து பிழைக்கலாம் என்று யாரும் நினைக்கவில்லை. டெல்லர் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்துப் பண்ணை வேலை பார்த்துக்கொண்டு, கேன்டர்பரி தேவாலயத்தில் பாடிக்கொண்டிருந்தவர். முறையாக யாரிடமும் குரல் பயிற்சி பெற்றதில்லை. இசையமைப்பாளர் மைக்கேல் டிப்பெட் அங்கே அவரைக் கேட்டார். 17ஆம் நூற்றாண்டின் பர்செல் எழுதிய பாட்டுகளுக்கு இத்தனை காலம் தேடிய குரல் இதுதான் என்று பிடித்துக்கொண்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். 1946இல் பிபிசி தன் 'மூன்றாவது நிகழ்ச்சி' ஒலிபரப்பைத் தொடங்கியபோது முதல் நாளே டெல்லர் பாடினார். மீசை தாடியோடு, பிள்ளைகுட்டிக்காரர் ஒருவர் இப்படிப் பாடுகிறாரே என்று அசட்டுக் கேள்வி கேட்டவர்களுக்குக் குறைவில்லை.

நீங்கள் சொல்லும் பயம்கூட ஒருமுறை அவரைச் சுட்டிருக்கிறது. 1960இல் பெஞ்சமின் பிரிட்டன் என்ற இசையமைப்பாளர், டெல்லரின் குரலை மனதில் வைத்தே தன் ஓபராவில் (பாட்டாகவே நடக்கும் நாடகம்) ஓபரான் என்ற தேவதை அரசன் வேடத்தை எழுதினார். நாடக மேடை டெல்லருக்குப் புதிது. விமர்சகர்கள் விளாசினார்கள். நான் விலகிக்கொள்கிறேன் என்று அவரே எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் போனது. அடுத்த ஆண்டு லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் அந்த வேடம் ரஸல் ஓபர்லின் என்ற அமெரிக்கருக்குப் போய்விட்டது. அப்புறம் 1966இல் பிரிட்டனே நடத்திய ஒலிப்பதிவில் ஓபரானாகப் பாடியவர் யார்? டெல்லர்தான். அதைக் கேளுங்கள். அந்தக் குரலுக்கு சத்தம் போட வராது, போடவும் முயலவில்லை.

எதைக் கேட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 1970களில் பதிவான சிலவற்றில் குரல் களைத்துத்தான் இருக்கிறது. அவற்றை நானும் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். பர்செலின் 'மியூசிக் ஃபார் எ வைல்' பாட்டைத் தேடுங்கள். இசை கேட்டு மயங்கிய பழிதெய்வத்தின் தலையிலிருந்து பாம்புகள் உதிரும் இடம் வரும். 'டிராப்' (உதிர்) என்ற ஒற்றைச் சொல்லைப் பர்செல் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார். கீழே பாஸ் என்ற கீழ்ஸ்தாயித் துணை வரிசை படிப்படியாக ஏறிக்கொண்டே இருக்கும். மேலே டெல்லர் அந்தச் சொல்லை ஒவ்வொன்றாகக் கைநழுவவிடுவார், எதையும் அழுத்தாமல். இன்று பாடுகிறவர்களில் அவரைவிடச் சுத்தமாக, பெரிதாகப் பாடுகிறவர்கள் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் இந்தப் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

எம்மா கிர்க்பி விஷயம் வேறு. ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஓபரா பாடகியாகும் எண்ணமே இல்லை. நடுக்கம் குறைத்து நேராக நிற்கும் அந்தக் குரலை 1970களில் பலர் 'சிறுவன் குரல்' என்று ஒதுக்கினார்கள். இசை நடத்துநர் ஹோக்வுட்டோடு 1980இல் ஹாண்டெல் என்ற பழைய இசையமைப்பாளரின் 'மெஸையா' பதிவு வந்ததும் காற்று திரும்பியது. அதோடு நின்றிருக்கலாம். பின்னால் வந்தவர்கள் 'பழைய இசை என்றால் இந்தக் குரல்தான்' என்று சட்டமே போட்டுவிட்டார்கள்.

அந்தச் சட்டம் வருமுன்பே அதற்கு நேர் எதிராகப் பாடிய ஒருவரை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்: யான்டினா நூர்மன். 1960களில் லண்டனில் மைக்கேல் மாரோவின் 'மியூசிகா ரிசர்வாட்டா' குழுவில் பாடியவர். மாரோ பால்கன் நாட்டுப்புறப் பாடகர்களைக் கேட்டுவிட்டு, இடைக்காலத்தில் இப்படித்தான் பாடியிருப்பார்கள் என்று முடிவுகட்டினார். நூர்மன் மூக்கும் தொண்டையுமாகத் திறந்து அடிப்பார். நம் ஊர்த் திருவிழாவில் மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். கிர்க்பிக்கும் இவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

யார் சொன்னது சரி? 1602இல் காச்சினி என்ற பாடகர் பிருகாக்கள் போடும் விதத்தைத் தன் பாட்டுப் புத்தகத்தின் முன்னுரையில் விளக்கி அச்சிட்டார். ஆனால் காகிதத்திலிருந்து குரல் கேட்காதே. ஆக, இவர்கள் எல்லாருமே ஊகித்தார்கள். ஊகித்ததைக் கட்டுரையாக எழுதாமல், தங்கள் தொண்டையில் வைத்துப் பலர் முன்னால் பாடிக்காட்டி அடிவாங்கினார்கள். நான் ரசிப்பது அதை. இன்றைய பாடகருக்கு ஆசிரியர் உண்டு, கல்லூரி உண்டு, கேட்டுப் பழக நூறு ஒலிப்பதிவு உண்டு. அந்த நூறில் முதல் சிலவற்றுக்குத்தான் நீங்கள் இப்போது மார்க் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், அதுவும் மிச்சத்தைக் கேட்டுப் பழகிய காதோடு.

சரி, டெல்லர் அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், குற்றமில்லை. நூர்மனைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். திட்டித்தான் எழுதுவீர்கள்; பிரசுரிக்கிறேன்.