திங்கட்கிழமை மட்டும் வரும் காய்ச்சல்

கேள்வி: கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வெல்டராக இருக்கிறேன். வயது 34. கொஞ்ச நாளாகத் திங்கட்கிழமை வேலை முடித்து வந்தால் ராத்திரி குளிர்காய்ச்சல் வருகிறது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, வாயில் காசைச் சப்பியது போல ஒரு ருசி. செவ்வாய் மதியத்துக்குள் சரியாகிவிடும். மலேரியா, டைபாய்டு டெஸ்ட் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. இது போக, மாதம் ஓரிரு தடவை கண்ணில் வெல்டிங் வெளிச்சம் அடித்து, வலியில் தூக்கம் போகிறது. மரத்துப்போகிற சொட்டு மருந்தை மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். மனைவி வேலையை விடச் சொல்கிறார். மச்சினனையும் ஹெல்பராகச் சேர்த்துவிட்டிருக்கிறேன். என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எந்தப் பைப்பை வெல்டு செய்கிறீர்கள் என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. ஜிஐ பைப்பாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் துத்தநாகம் பூசியிருப்பார்கள். இரும்பு உருக 1538 டிகிரி சூடு வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் ஜாயின்ட் பிடிப்பதற்கு முன்பே பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பிவிடுகிறது. சில சமயம் ஒட்டடை போல வெள்ளைப் பிசிறுகள் மிதந்து வந்து சட்டையில் உட்காருமே, அதுவும் இந்தத் துத்தநாகம்தான்.

இந்தப் புகை நுரையீரலுக்குள் போனால், நான்கு முதல் பத்து மணி நேரம் கழித்து உடம்பு காய்ச்சலாகக் காட்டும். அதனால்தான் பட்டறையில் நன்றாக இருந்துவிட்டு வீட்டில் போய் நடுங்குகிறீர்கள். ஏன் திங்கட்கிழமை மட்டும்? தினமும் புகையில் நின்றால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்கிறது. ஞாயிறு லீவு விட்டால் அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மறுநாள் முதல் புகையே புதுசாக இருக்கும். இதற்கு உலோகப் புகைக் காய்ச்சல் என்று பெயர். கிருமி எதுவும் இல்லாததால் கிருமியைத் தேடும் எந்த டெஸ்டிலும் சிக்காது. தண்ணீர், ஓய்வு, தேவைப்பட்டால் ஒரு பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாட்டிக் வேண்டாம்.

ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு இறுகினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறிப்பாக, மஞ்சள் மினுமினுப்பான பழைய போல்ட்டையோ சில்வர் பிரேசிங் செய்த (வெள்ளி கலந்த உலோகத்தை உருக்கி ஒட்டிய) பாகத்தையோ சூடாக்கிய அன்று இப்படி வந்தால் தாமதிக்கவே கூடாது. அவற்றில் காட்மியம் இருக்கலாம். அதன் புகையும் முதலில் சாதாரணக் காய்ச்சல் போலவே தொடங்கும். அப்புறம் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

உங்கள் திங்கட்கிழமைக் காய்ச்சல் தன்னளவில் பெரிய கெடுதல் செய்வதில்லை. என் கவலை செவ்வாய் முதல் சனி வரை. காய்ச்சல் வரவில்லை என்றாலும் அதே அளவு புகை உள்ளே போய்க்கொண்டுதானே இருக்கிறது? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1989-ல் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் வைத்திருந்த வெல்டிங் புகையை, 2017-ல் 'உண்டாக்கும்' என்ற முதல் பிரிவுக்கு மாற்றிவிட்டது. பீடி, சிகரெட் புகையும் அதே பிரிவுதான். ஆபத்து இரண்டிலும் ஒரே அளவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆதாரம் உறுதியாகிவிட்டது என்று அர்த்தம். எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) வெல்டிங்கில் வரும் குரோமியம், நிக்கல் இன்னும் மோசம். வெல்டிங் ராடில் உள்ள மாங்கனீஸ் பல வருடம் அதிகமாகச் சேர்ந்தால் மூளையைப் பாதித்து, நடையும் கையும் தடுமாற வைக்கும். வெல்டர்களுக்கு நிமோனியாவும் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. பிரிட்டனில் அடிக்கடி புகையில் வேலை செய்யும் வெல்டர்களுக்கு நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி போடச் சொல்கிறார்கள். நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பாலும் வாழைப்பழமும் வெல்லமும் நெஞ்சில் இருக்கும் புகையை இறக்கிவிடும் என்று பட்டறைகளில் ஒரு நம்பிக்கை உண்டு. ஓனர் வாங்கிக் கொடுத்தால் தாராளமாகச் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடுதான். ஆனால் அது போகிற வழி இரைப்பைக்கு, புகை போகிற வழி நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை.

சரி, வேலையை விட வேண்டுமா? தேவையில்லை. முதலில் தலையை எங்கே வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். வெல்டிங் புகை நேராக மேலே எழும். சரியாகத் தெரிய வேண்டும் என்று ஜாயின்டுக்கு மேலேயே குனிந்தால் மூக்கு அந்தப் புகைக்குள்தான் இருக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் உட்கார்ந்தாலே உள்ளே போவது கணிசமாகக் குறையும். ஃபேனை முதுகுப் பக்கம் வைக்காதீர்கள். காற்று உடம்பைச் சுற்றி வந்து புகையை முகத்துக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் வையுங்கள். வாயுவை ஊதி ஜாயின்டைக் காக்கும் சிஓடூ வெல்டிங்கில் காற்று பட்டால் ஜாயின்டில் ஓட்டை விழும் என்று ஃபேனை நிறுத்திவிடுவார்கள். அது நியாயம்தான். அங்கே புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் குழாய் வேண்டும். அதைக் கேட்க வேண்டியது ஓனரிடம். தகடு அடித்து மூடிய பாடிக்குள் உட்கார்ந்து வெல்டு செய்யும் நாளில் இது இல்லாமல் இறங்காதீர்கள்.

ஜாயின்டின் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் வரை பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டு செய்தால் வெள்ளைப் புகை குறையும். பைப்பின் உள்பக்கப் பூச்சைத் தேய்க்க முடியாது என்பதால் முழுதாக நிற்காது. ஆகவே மாஸ்க் கட்டாயம். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ பயன்படாது, ஏனென்றால் இந்தப் புகைத் துகள் ஒரு மைக்ரானைவிடச் சிறியது. மடிக்கிற மாதிரியான என்95 மாஸ்க் ஷீல்டுக்கு அடியில் உட்காரும். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, பக்கவாட்டில் புகை நுழையும். அது வாயுக்களைத் தடுக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

இப்போது கண். சில மாதம் முன்பு ஒரு வெல்டரை அவர் தம்பி கையைப் பிடித்து என் அறைக்குள் கூட்டி வந்தார். இரண்டு கண்ணிலும் ஈரத்துணி, சட்டைப் பையில் பாதி காலியான, நீங்கள் சொல்கிற அதே சொட்டு மருந்து. வெளிச்சம் அடித்த கண் ஒன்றிரண்டு நாளில் தானாக ஆறிவிடும். மரத்துப்போகும் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட்டால்தான் கருவிழி ஆறாமல் புண்ணாகி, பார்வையே மங்கும். அவருக்கு அதுதான் ஆகியிருந்தது. அந்தப் பாட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். சுத்தமான துணியை நனைத்து மூடிய கண்மேல் வைத்து, வலி மாத்திரை போட்டு, விளக்கை அணைத்துப் படுங்கள். ஒரே கண்ணில் மட்டும் உறுத்தினால், அதுவும் கிரைண்டிங் செய்த அன்றைக்கென்றால், இரும்புத் துகள் இருக்கலாம். துணி முனையால் பக்கத்து ஆளை எடுக்கச் சொல்லாமல் கண் டாக்டரிடம் போங்கள்.

பெரும்பாலும் டேக் (பைப்பை நிறுத்திவைக்கும் சின்னப் பொட்டு வெல்டு) போடும்போதுதான் வெளிச்சம் அடிக்கிறது. ஒரு கையில் பைப், ஒரு கையில் ஹோல்டர்; ஷீல்டு பிடிக்க மூன்றாவது கை இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்புவீர்கள், வெளிச்சம் அதற்குள் முந்திக்கொள்ளும். தலையில் மாட்டுகிற ஷீல்டு வாங்குங்கள். முடிந்தால் தானாகக் கறுக்கும் வகை. நீங்கள் செய்கிற வேலைக்குக் கண்ணாடியில் 10 அல்லது 11 என்ற கறுப்பு அளவு எண் இருக்க வேண்டும். கேஸ் கட்டிங் கண்ணாடியும் கூலிங் கிளாஸும் வெல்டிங் ஆர்க் வெளிச்சத்துக்குப் போதாது.

ஹெல்பருக்குப் பெரும்பாலும் யாரும் கண்ணாடி தருவதில்லை, பைப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் அவர்தான் என்றாலும். மச்சினனுக்கும் அதே எண் கண்ணாடி, அதே மாஸ்க், ஷூ, முழுக்கைக் காட்டன் சட்டை. பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். அடுத்த ஆள் வெல்டிங் உங்கள் மேல் அடிக்காமல் நடுவில் ஒரு தார்ப்பாயைக் கட்டுங்கள்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஒருமுறை ஸ்பைரோமெட்ரி என்கிற ஊதிப் பார்க்கும் டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். வருடா வருடம் அதோடு ஒப்பிட்டால்தான் நுரையீரலின் திறன் குறைகிறதா என்று தெரியும். ஈஎஸ்ஐ கார்டு இருந்தால் அங்கேயே கேட்டுப் பாருங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் 'காய்ச்சல்' என்று மட்டும் சொல்லாமல், ஜிஐ பைப் வெல்டு செய்கிறேன் என்றும் சொல்லுங்கள்.

நான்கு திங்கட்கிழமை இப்படி வேலை பார்த்துவிட்டு, காய்ச்சல் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.