கடல் விலகிப்போன ரை நகரம்: கேள்வி பதில்

கே: ரை எங்கே இருக்கிறது சார்? பெரிய ஊரா?

ப: இங்கிலாந்தின் தென்கிழக்கே, ஈஸ்ட் சசெக்ஸில். மக்கள்தொகை சுமார் 5,000தான்.

கே: துறைமுக ஊர் என்கிறார்கள், படங்களில் கடலையே காணோமே அண்ணா?

ப: அதுதான் இந்த ஊரின் கதையே. இடைக்காலத்தில் ரை இருக்கும் மேட்டைக் கடல் கிட்டத்தட்டச் சூழ்ந்திருந்தது. 1287-ல் அடித்த புயலில் ரோதர் ஆறே திசை மாறியது. அதுவரை நியூ ரோம்னி என்ற துறைமுக ஊரில் கடலில் கலந்த ஆறு, ரை பக்கம் திரும்பிவிட்டது. நியூ ரோம்னி துறைமுகம் மண்மூடிப் போனது, ரை செழித்தது. அப்புறம் அதே நிலைமை இங்கும் வந்தது. வண்டல் படிந்தது. சதுப்பு நிலங்களுக்குக் கரை கட்டி மேய்ச்சலுக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏறி இறங்கும் கடல்நீர் குறைந்ததால் சேற்றை அடித்துப்போகும் வேகமும் போய்விட்டது. இன்று கடல் சுமார் 3 கி.மீ. தள்ளி இருக்கிறது. சுற்றிலும் தட்டையான புல்வெளி, செம்மறி மந்தைகள்.

கே: இவ்வளவு பழைய வீடுகள் எப்படித் தப்பின?

ப: பணமில்லாததுதான் காப்பாற்றியது என்பேன். துறைமுகம் நொடித்தபின் இடித்துக் கட்டப் பலருக்கு வசதியில்லை. பழைய மரச்சட்ட வீட்டுக்கு முன்னால் செங்கல்லோ ஓடோ பதித்துப் புதிதாகக் காட்டிக்கொண்டார்கள். மெர்மெய்ட் தெருவில் முகப்பைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சந்துக்குள் எட்டிப் பார்த்தால் பழைய மரம் தெரியும். அங்குள்ள மெர்மெய்ட் விடுதி 1420-ல் மறுபடி கட்டியது. 18-ஆம் நூற்றாண்டில் ஹாக்கர்ஸ்ட் கடத்தல் கும்பல் வெளிப்படையாகவே வந்து குடித்த இடம்.

கே: அரை நாள்தான் இருக்கிறது. எதை விடக்கூடாது?

ப: புனித மேரி தேவாலயம். 1377-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கொளுத்தி, இதன் மணிகளையும் தூக்கிப்போனார்கள். மறு ஆண்டே ரை ஆட்களும் பக்கத்து ஊரான வின்செல்சி ஆட்களும் நார்மண்டிக்குப் படகேறிப் போய் மீட்டு வந்தார்கள்! கடிகாரம் 1560-களின் தொடக்கத்தது, இன்றும் ஓடுகிறது. அதன் நீண்ட ஊசல் உள்ளே தலைக்கு மேலே ஆடும். கோபுரம் ஏறினால் கடல் எவ்வளவு விலகிப்போனது என்பது கண்ணுக்கே தெரியும்.

கே: நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் வீடு இங்கேதானா?

ப: ஆமாம், லாம் ஹவுஸ் (Lamb House). 1720-களில் கட்டிய செங்கல் வீடு. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் இருக்கிறது. திறக்கும் நாளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கே: அம்மாவுக்கு முட்டி வலி. கூட்டிப்போகலாமா அண்ணா?

ப: தாராளமாக. மெர்மெய்ட் தெரு மட்டும் வேண்டாம். சரிவும் கூழாங்கல்லும் காலைப் படுத்திவிடும். ஹை ஸ்ட்ரீட் வழியாக நிதானமாக ஏறுங்கள். லண்டனிலிருந்து ரயிலில் ஆஷ்ஃபோர்டு வந்து மாறினால், மேட்டின் அடியிலேயே இறங்கலாம்.