ஜி-பென்: மை சொட்டுவதும் கோடு பரவுவதும்

புது ஜி-பென் (மையில் முக்கி வரையும் பேனா) நிப்பில் மை நிற்காமல் சொட்டுகிறது, ஜெராக்ஸ் தாளில் கோடு பரவுகிறது என்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. துருப்பிடிக்காமலிருக்க நிப்பில் எண்ணெய் பூசித்தான் விற்பார்கள். அதில் மை ஒட்டாது. ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் இருபுறமும் துடையுங்கள். தீயில் காட்டச் சொல்வோரும் உண்டு. கொஞ்சம் கூடினாலும் எஃகின் நெகிழ்வு போய்விடும், வேண்டாம்.

நிப்பின் நடுத்துளை மறையும் அளவுக்கு முக்கி, புட்டி விளிம்பில் வழித்துவிடுங்கள். கோட்டை உங்களை நோக்கியே இழுக்கவும். எதிர்த்திசையில் தள்ளினால் முனை தாளைக் கீறி மை தெறிக்கும். வளைவுகளுக்குத் தாளைத்தான் திருப்ப வேண்டும்.

பரவுவதற்குக் காரணம் தாள். 70–80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சும். ஜப்பானிய மாங்கா (சித்திரக்கதை) வரையும் தாள் ஏறக்குறைய 128 அல்லது 157 ஜிஎஸ்எம். பயிற்சிக்கு வழவழப்பான பிரிஸ்டல் (கெட்டியான வரைதாள்) போதும். பென்சிலை அழிக்குமுன் மை நன்றாகக் காயட்டும். நிப் தேய்ந்து மெல்லிய கோடு வராவிட்டால் மாற்றிவிடுங்கள்.