வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறீர்களா? மதுரை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்து, இங்கேயே ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, ஓமனில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனவள் நான். இப்போது ஊர் திரும்பி அழகர்கோவில் சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். அதே வழியில் போக நினைக்கும் இளம் ஆசிரியர்களும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை.

எம்.ஏ. ஆங்கிலம் முடிக்கப் போகிறேன். அங்கே ஷேக்ஸ்பியரும் மில்டனும் நடத்தக் கிடைக்குமா? (மேலூர் மாணவி)

பெரும்பாலும் கிடைக்காது. இதைத் தெரியாமல் போகிறவர்கள்தான் முதல் பருவத்திலேயே மனம் நொந்துபோகிறார்கள். ஓமனிலும் சவுதியிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அரபியில் படித்துவிட்டு வருகிறார்கள். பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் பொறியியல், கணினி போன்ற பாடங்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகின்றன. அந்த இடைவெளியைக் கடக்க உதவத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஓமனில் அதற்கு ஃபவுண்டேஷன் என்று பெயர். சவுதியில் ப்ரிபரேட்டரி இயர். முதலில் ஒரு தேர்வு வைத்து மாணவர்களை நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். கீழ்நிலை வகுப்பில் தன்னைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுத வைப்பதே பெரிய வேலை. மேல்நிலையில் கட்டுரையும், வரைபடத்தைப் பார்த்து விவரிப்பதும் வரும்.

ஒரு பையன் திங்கள்கிழமை எழுத முடியாத வாக்கியத்தை வியாழக்கிழமை எழுதிவிட்டான் என்பதில் உங்களுக்கு உண்மையான சந்தோஷம் உண்டா? உண்டென்றால் தயங்காமல் போங்கள். கவிதை நடத்தியே தீர வேண்டும் என்றால் மதுரையிலேயே இருங்கள். அதுவும் குறைந்த வேலை அல்ல.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன். என் உச்சரிப்பை வைத்து மாணவர்கள் மட்டமாக நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. (உசிலம்பட்டி, உதவிப் பேராசிரியர்)

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் குறை என்று நினைப்பதுதான் உங்கள் பலம். ஆங்கிலத்தைக் கஷ்டப்பட்டுக் கற்றவருக்குத்தான் அது எந்த இடத்தில் கடினம் என்று தெரியும்.

அரபியில் 'அவர் ஆசிரியர்' என்று சொல்ல நடுவில் வினைச்சொல் வேண்டியதில்லை, தமிழிலும் வேண்டியதில்லை. அதனால் அந்த மாணவர்கள் ஆங்கிலத்திலும் 'இஸ்' என்ற சொல்லை விட்டுவிடுவார்கள். அது அலட்சியம் அல்ல, தாய்மொழியின் பழக்கம் என்று நமக்குப் பார்த்ததும் புரியும். நம் ஊரில் 'இஸ்கூல்' என்று சொல்வதைப் போல, சொல்லின் தொடக்கத்தில் மெய்கள் சேர்ந்து வந்தால் அங்கும் சிலர் ஓர் உயிரெழுத்தை நுழைத்துவிடுவார்கள். நமக்கு இல்லாத சிக்கலும் ஒன்று உண்டு. அரபி எழுத்தில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை. எனவே ஆங்கிலச் சொற்களிலும் உயிரெழுத்துகள் காணாமல் போகும், இடம் மாறும். சிவப்புப் பேனாவால் அடிப்பதை விட, வாய்விட்டுப் படிக்க வைத்தால் எந்த எழுத்து விடுபட்டது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

உச்சரிப்புக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். வண்டியை நிறுத்துவதற்கு ஒரு 'பார்க்', நாய் குரைப்பதற்கு ஒரு 'பார்க்'. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால்தான் எழுதுகிறோம். அரபியிலோ முதல் ஒலியே கிடையாது. ஒரு துண்டுத் தாளை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். முதல் சொல்லுக்குத் தாள் படபடக்க வேண்டும், இரண்டாவதற்கு அசையக் கூடாது. வகுப்பு முழுக்கத் தாளைப் பிடித்துக்கொண்டு ஊதுவார்கள், சிரிப்பார்கள், கடைசியில் பிடித்துவிடுவார்கள். தமிழில் அந்த ஒலிக்கு இவ்வளவு காற்று விடுவதில்லை என்பதால், முதலில் வீட்டில் கண்ணாடி முன் நின்று நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரரைப் போலப் பேச முயல வேண்டாம். நிதானமாக, தெளிவாகப் பேசினால் போதும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு அதிகச் சம்பளம் என்கிறார்களே? (திண்டுக்கல்)

சில நிறுவனங்களில் உண்மைதான். ஒரே வகுப்பு, ஒரே பாடம், பாஸ்போர்ட் வேறு என்பதற்காகச் சம்பளமும் வேறு. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிப்பதற்கான விசாவே அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஏழு நாட்டவரை மனதில் வைத்து அமைந்தது. நமக்கு அங்கே வழி மிகக் குறுகல். வளைகுடாவில் பட்டமும் அனுபவமும் இருந்தால் இந்தியர்களுக்கு இடம் உண்டு. ஆங்கிலம் கற்பிக்கும் முறைக்காகக் கேம்பிரிட்ஜ் தரும் செல்டா சான்றிதழ் இருந்தால் உங்கள் விண்ணப்பம் மேலே வரும். குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி அது. அதில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் மதிப்பெண் கேட்கும் இடங்களும் உண்டு. அதற்கு உட்கார்ந்து படிக்க நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

மகளைத் தனியாக அனுப்பலாமா? (திருமங்கலம், ஒரு தாய்)

அம்மா, ஓமனைப் பற்றி என் அனுபவத்தில் தைரியமாகச் சொல்வேன்: அனுப்பலாம். மாணவர்கள் ஆசிரியர்களிடம் மிகுந்த மரியாதையாக நடந்துகொள்வார்கள். என் வகுப்பில் ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தனித்தனி வரிசைகளில் உட்கார்ந்திருப்பார்கள். ஆண் மாணவர்களிடம் தானாகக் கை நீட்ட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வார விடுமுறை வெள்ளி, சனி. ஞாயிறன்று வகுப்பு உண்டு. அரிசி, பருப்பு, முருங்கைக்காய் எல்லாம் கடையில் கிடைக்கும்.

சான்றிதழ் வேலை எங்கே தொடங்குவது? (மேலூர்)

பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு உண்மைத்தன்மைச் சான்று கேட்டு விண்ணப்பிப்பதில் தொடங்குங்கள். அதன் பிறகு மாநில உயர்கல்வித் துறை, அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை. ஓமன் 2012 முதலும் சவுதி 2022 முதலும் அந்த முத்திரையை ஏற்கும் உடன்பாட்டில் இருக்கின்றன. உடன்பாட்டில் இல்லாத நாடு என்றால் அதன் தூதரகச் சான்றும் வேண்டும். பெயரும் முன்னெழுத்தும் எல்லாச் சான்றிதழ்களிலும் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகின்றனவா என்று இன்றைக்கே பாருங்கள். நம் ஊரில் தந்தை பெயர் முன்னாலும் பின்னாலும் மாறி மாறி வருவதால் அங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சில ஆண்டுகள் சம்பாதித்துவிட்டுத் திரும்பினால் இங்கே வேலை கிடைக்குமா? (மதுரை, பி.எச்டி. ஆய்வாளர்)

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேர்வை முடித்துவிட்டுப் போங்கள். முனைவர் பட்டத்தையும் பாதியில் விடாதீர்கள். அங்கே வேலையெல்லாம் ஒப்பந்தத்தில்தான், ஓய்வூதியம் கிடையாது. முதல் மாதத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். ஓமனில் இப்போது சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 2028 முதல் ஆண்டுக்கு 42,000 ரியாலுக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 5 சதவீத வரி என்று சட்டம் வந்திருக்கிறது. ஆசிரியச் சம்பளம் பொதுவாக அந்த வரம்புக்கு மிகவும் கீழேதான்.

ஏஜென்ட் இரண்டு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா? (வாடிப்பட்டி)

கூடவே கூடாது. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய உச்சவரம்பே 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அவர் பெயர் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தம் பல்கலைக்கழகத்தோடா, ஆள் அனுப்பும் நிறுவனத்தோடா என்று கேளுங்கள்; சம்பளம், விடுமுறை, வீடு மூன்றும் அதைப் பொறுத்து மாறும். வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, கோடை விடுமுறைக்குச் சம்பளம் உண்டா, டிக்கெட் யார் செலவு என்பதெல்லாம் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.